நீக்கப்படாத சென்றாயனை முறைப்படி நீக்கிய கதை

ஏற்காட்டில் மழையை அளப்பதற்கென்று ஓர் அரசு அலுவலகம் இருந்தது. மலைமழைப் பதிவு அலுவலகம் என்று பெயர். பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் மழையை அளந்தவர் ஒருவர்தான். மற்ற பத்துப் பேரும் அவர் அளந்ததைப் படியெடுத்தார்கள், படியெடுத்ததைச் சரிபார்த்தார்கள், சரிபார்த்ததைச் சேலத்துக்கு அனுப்பினார்கள், அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக் கடிதம் போட்டார்கள். ஆட்களைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, யாரை அனுப்பினால் அலுவலக வேலை கெடாது என்று பத்துப் பேரும் கூடி யோசித்தார்கள். மழையை அளந்தவரை அனுப்பிவிட்டார்கள்.

அவர் பெயர் சென்றாயன். மாரமங்கலத்துக்காரர், ஐம்பத்தாறு வயது. பத்தொன்பது வருடம் தினமும் முதல் பஸ் பிடித்து வந்து, காலை எட்டரைக்குக் கம்பிவேலிக்குள் நுழைந்து, மழைமானியின் மூடியைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்த்து, எண்ணை ஏட்டில் எழுதி, பக்கத்தில் ‘செ’ என்று சுருக்கொப்பம் போடுவார். பனி சொட்டியதை ஒரு நாளும் மழை என்று எழுதியதில்லை. ஒரு சொட்டுக் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், கம்பிவேலியின் கேட்டில் புதுப் பூட்டுத் தொங்கியது. பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘திரு. சென்றாயன் அவர்களின் பணி இன்று முதல் தேவையில்லை. அன்னாரை உள்ளே அனுமதிக்க வேண்டாம்.’ விசாரணை கிடையாது, முன்னறிவிப்புக் கிடையாது, என்ன தப்பு என்று ஒரு வரி கிடையாது. ‘அன்னார்’ என்று மரியாதையாகக் குறிப்பிட்டிருந்தார்கள், அது மட்டும்தான்.

சென்றாயன் கோர்ட்டுக்குப் போனார். மூன்று வருடமும் ஒரு மாதமும் ஆயிற்று. அதுவரை கரடியூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்தார். கடைசியில் தீர்ப்பு வந்தது. பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஹலீமாதான் அதைப் படித்துச் சொன்னாள்.

“அண்ணா, நீங்க ஜெயிச்சிட்டீங்க! ‘பணிநீக்க ஆணை செல்லாது. அப்படி ஓர் ஆணை பிறக்கவே இல்லை என்று கொள்ள வேண்டும். மனுதாரர் ஒரு நாளும் பணியிலிருந்து நீங்கியவர் அல்லர்’னு போட்டிருக்குதுங்ணா. உங்களை வேலையை உட்டு எடுக்கவே இல்லையாமுங்க!”

“அப்ப மூணு வருசமா நான் காப்பிப்பழம் பறிச்சது?”

“அது கோர்ட்டுக்குத் தெரியாது போலிருக்குங்ணா. எதுக்கும் நாலு காப்பி எடுத்து வெச்சுக்கங்க. ஆபீசுக்காரவிய ஒண்ணு வாங்கி ஒண்ணு தொலைப்பாங்க.”

சென்றாயன் நாலு நகலும் அரைக் கிலோ மைசூர்பாகுமாக அலுவலகத்துக்குப் போனார். முதலில் ஓடி வந்தவர் தலைமை எழுத்தர் ஜாபெஸ். இவர்கள் இருவரும் பத்தொன்பது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மதியச் சோறு தின்றவர்கள். ஜாபெஸ் வீட்டு மிளகுக்கொடியெல்லாம் சென்றாயன் நட்டுக் கொடுத்தது. ஜாபெஸின் அம்மா இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் கடைசி மண் விழும்வரை நின்றவரும் சென்றாயன்தான். வேலை போன அன்று ஜாபெஸ் கண்கலங்கி, “கோர்ட்டுல சாட்சி சொல்ல நான் வர்றேன் சென்றாயா” என்றார். மூன்று தடவை கூப்பிட்டும் ஆடிட், ஆடிட் என்று வர முடியவில்லை. சென்றாயன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆடிட் என்றால் ஆடிட்தானே.

இப்போது ஜாபெஸ் கட்டிப்பிடித்துக்கொண்டார். “நான் அன்னைக்கே சொல்லல? நீதி சாவாது சென்றாயா. வா, உதவி இயக்குநரைப் பாத்துருவோம்.”

உதவி இயக்குநர் அருள்சாமி புதிதாக மாற்றலாகி வந்தவர். கோப்புகளுக்குக் கலர்க் கலராக நாடா கட்டுவதில் பேரெடுத்தவர். சென்றாயன் நீட்டிய காகிதத்தை வாங்காமலே பார்த்தார்.

“ஏனுங்க, என்னங்க இது?”

“வேலைல சேர்றதுக்கு ஜாயினிங் ரிப்போர்ட்டுங்க ஐயா.”

அருள்சாமி இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துக்கொண்டார். “ஐயையோ, அதை நான் தொடவே கூடாதுங்க. கோர்ட்டு மேல எனக்கு நொம்ப மரியாதை. நீங்க வெளிய போகவே இல்லைன்னு கோர்ட்டு சொல்லுது. வெளிய போகாதவரை நான் உள்ள சேர்த்தா, நீங்க வெளிய போனீங்கன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிப்போயிரும். அது கோர்ட்டு அவமதிப்புங்க. என்ற சர்வீசுல இந்நாள் வரைக்கும் ஒரு கறுப்புப் புள்ளி கெடையாது.”

“அப்ப நான் நேரா போயி மழையை அளக்கலாமுங்களா?”

“தாராளமா அளங்க. யாரு தடுத்தா?”

“வேலிக்குச் சாவி வேணுமுங்களே.”

“சாவி, வருகைப் பதிவேட்டுல பேரு இருக்கறவங்களுக்குத்தான் குடுக்க முடியும்.”

“என்ற பேரை எழுதிப்போடுங்க.”

“அதெப்படிங்க? புதுசா சேர்றவங்க பேரைத்தான் எழுதலாம். நீங்க பழைய ஆளு. உங்க பேரு ஏற்கெனவே அங்க இருக்கறதாத்தான் அர்த்தம்.”

“இல்லீங்களே ஐயா.”

“இல்லாட்டியும் இருக்கறதாத்தானுங்க கோர்ட்டு கருதச் சொல்லுது. நான் கருதிட்டேன். நீங்களும் கருதுங்க.” அப்புறம், நல்ல மனதோடு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். “ஆனா ஒண்ணு. வெத்து எடத்துல கையெழுத்துப் போட்டுறாதீங்க. அது பதிவேட்டைச் சேதப்படுத்தின குத்தம்.”

ஆக, சென்றாயன் வேலையில் இருந்தார். காலை எட்டரைக்கு வந்து, கம்பிவேலிக்கு வெளியே போட்டிருந்த சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, மாலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து போனார். வேலிக்குள் உண்ணிச்செடி இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. பூட்டு துருவேறி ஒரே கட்டியாகிவிட்டது. மழைமானியின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. மூன்று வருடமாக இங்கே ஒரு மனிதக் கால் படவில்லை என்பது மழையளக்கத் தெரியாதவனுக்கும் தெரியும். கை நமநமத்தது அவருக்கு. உள்ளே போய் அந்த வலையைத் துடைக்க முடிந்தால்கூடப் போதும் என்றிருந்தது. மலையில் மழை பெய்துகொண்டிருந்தது. மழையளப்பவர் குடையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

பதினொன்றாம் நாள் அவருக்கு ஒரு குறிப்பாணை வந்தது. பதினேழு-பி. வேலையையே பறிக்கக்கூடிய விதி அது, அரசு ஊழியர்களுக்கு இந்த இரண்டு சொல்லைக் கேட்டால் சோறு இறங்காது. ‘தாங்கள் தொடர்ந்து பணியில் இருந்துகொண்டே, முன்அனுமதி பெறாமல் 1,127 நாட்கள் பணிக்கு வராதது ஏன் என்பதற்கும், அரசுப் பணியில் இருந்துகொண்டே தனியார் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்தது ஏன் என்பதற்கும் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.’

சென்றாயன் அருள்சாமியின் மேசை முன்னால் போய் நின்றார். சென்றாயன் கோபப்பட்டு அதிகம் பேர் பார்த்ததில்லை. அன்று குரல் கொஞ்சம் உயர்ந்தது.

“ஏனுங்க ஐயா, நான் எப்படி வருவேன்? கேட்டைப் பூட்டிப்போட்டு, உள்ள உடாதேன்னு நோட்டீஸ் ஒட்டினது நீங்கதானுங்களே!”

“அந்த நோட்டீசு செல்லாதுன்னு கோர்ட்டே சொல்லிப்போடுச்சுங்களே.”

“இப்பத்தானுங்களே சொல்லுச்சு.”

“இப்பச் சொன்னாலும் அது அன்னைக்கே செல்லாதுங்க. செல்லாத நோட்டீசைப் பாத்துப்போட்டு நீங்க ஏன் திரும்பிப் போனீங்க? ஒரு அரசு ஊழியருக்குச் சட்டம் தெரிய வேண்டாமுங்களா?” அருள்சாமி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “நாங்க தப்புப் பண்ணினது வாஸ்தவம். எங்க தப்பைக் கோர்ட்டு ரத்துப் பண்ணிருச்சு. இப்ப எங்க பக்கம் தப்பே இல்லை. நீங்க வராதது மட்டும் அப்படியே நிக்குதுங்க. அதை யாரும் ரத்துப் பண்ணலை.”

மதியம் சோற்று நேரத்தில் ஜாபெஸ் பெஞ்சுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “பதினேழு-பிக்கெல்லாம் பயப்படாத. அது சளிக் காய்ச்சலாட்டம், வந்துட்டுப் போயிரும்.”

“பயமில்ல ஜாபெஸு. விசாரணைல மழை ஏட்டைக் கொண்டாரச் சொல்லிக் கேக்கப்போறேன். மூணு வருசம் பக்கமெல்லாம் வெத்தாக் கெடக்குமில்ல? என்னைய உள்ள உடலைங்கறதுக்கு அதைவிட என்ன சாட்சி வேணும்?”

ஜாபெஸ் உருட்டிய சோற்றை வாயில் போடாமல் வைத்துக்கொண்டிருந்தார். “ஏடெல்லாம் எதுக்கு சென்றாயா? மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துரு. நான் நல்லபடியா முடிச்சுத் தர்றேன்.”

“செய்யாத தப்புக்கு எதுக்கு மன்னிப்பு?” என்றார் சென்றாயன். ஜாபெஸ் கை கழுவப் போனார். பாவம், தனக்காக எவ்வளவு கவலைப்படுகிறான் என்று சென்றாயன் நினைத்துக்கொண்டார்.

விசாரணைக்குச் சேலத்திலிருந்து கவிப்பிரியா என்ற இளம் அலுவலர் வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் வயிற்றைப் பிரட்டியதில் முகம் வெளுத்திருந்தது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மடிக்கணினியைத் திறந்தார். பேச்சில் அவ்வளவு பணிவு.

“ஐயா, எங்கப்பா வயசு உங்களுக்கு. உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்லைங்க. நான் மனுசங்களைப் பார்க்கறதே இல்லை, விதியை மட்டும்தான் பார்ப்பேன். நீங்க கேட்ட மழைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கேன்.”

ஏடு வந்தது. கவிப்பிரியா திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

“ஐயா! நீங்க ஒரு நாள்கூட லீவே போடலியே!”

மூன்று வருடமும் ஒரு கட்டம் காலியில்லை. ஒவ்வொரு நாளும் மழை அளவு எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘செ’ என்று சுருக்கொப்பம் இருந்தது. ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதையும் விடவில்லை.

அந்த அலுவலகத்தின் வழக்கம் தெரியாதவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அங்கே தப்பாக எழுதினால் ஆடிட்காரர் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போய்விடுவார். எழுதாமல் விட்டால்தான் விஷயம் மேலே போகும், கேள்வி வரும். ஆகவே எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது அங்கே சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கும் பாடம். மழை பெய்ய வேண்டியது இயற்கையின் பொறுப்பு, கட்டம் நிரம்ப வேண்டியது தலைமை எழுத்தரின் பொறுப்பு.

“அப்ப 1,127 நாள் வரலைங்கற குற்றச்சாட்டே நிக்காது” என்றார் கவிப்பிரியா. “தினமும் எட்டரைக்கு அளந்திருக்கீங்க. அதுக்கு மேல வெளிய எங்க போனீங்கங்கறதுக்கு ஒரு எச்சரிக்கையோட விட்டுரலாம். இது உங்க கையெழுத்துன்னு மட்டும் சொல்லுங்க, நாளைக்கே சாவி வாங்கிக்கலாம்.”

அருள்சாமியும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “சொல்லுங்க சென்றாயன். நம்ம ஆபீசுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.”

ஒரு தரம் தலையை ஆட்டினால் போதும். நாளைக் காலை வேலியைத் திறக்கலாம், உண்ணிச்செடியை வெட்டி எறியலாம், குவளையைக் கழுவித் துடைத்துக் கையில் எடுக்கலாம். சென்றாயன் ஏட்டை வாங்கிப் பார்த்தார். எண்கள் எல்லாம் தெரிந்த எண்களாக இருந்தன. அறுபத்து மூன்று புள்ளி இரண்டு. ஏரி நிரம்பிப் படகுத்துறைப் படியில் தண்ணீர் ஏறிய நாள் அது. ஆனால் ஏரி அப்படி நிரம்பி ஏழு வருடம் ஆகிறது. அவர் முன்பு அளந்து எழுதிய மழையையே தேதி மாற்றி இங்கே இறக்கியிருக்கிறார்கள்.

எழுத்தும் அவருக்குத் தெரிந்தது. ஒன்பதின் வாலை மேல்நோக்கிச் சுழிக்கும் கை அந்த அலுவலகத்தில் ஒன்றுதான். பத்தொன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்ற கை. நிமிர்ந்து பார்த்தார். சுவரோரம் நின்ற ஜாபெஸ் கண்ணாலேயே கெஞ்சினார், ஆமான்னு சொல்லிரு சென்றாயா.

சென்றாயன் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய் ஓர் ஐப்பசி மாதத்தில் நிறுத்தினார். போன வருடத்து ஐப்பசி. மூன்று நாள் விடாமல் அடித்து, மாரமங்கலம் பாதையில் மண் சரிந்து, பஸ் நின்றுபோன வாரம். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் வீட்டு அடுக்களைச் சுவர் ஊறிச் சரிந்து, உலை வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கண்ணாயியின் மேல் விழுந்தது. இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நிவாரணம் கேட்டுப் போட்ட மனுவுக்கு ஒரு மாதத்தில் பதில் வந்தது. ‘மேற்படி நாட்களில் மழை பெய்ததாகப் பதிவு இல்லை. சுவர் பராமரிப்பின்றித் தானாக விழுந்ததாகத் தெரிகிறது. மனு தள்ளுபடி.’ எந்தப் பாவி மழை இல்லை என்று எழுதினான் என்று கண்ணாயி வலியோடு கிடந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இதோ எழுதியிருந்தது. மூன்று நாளைக்கும் ‘மழை இல்லை’. மூன்றுக்கும் பக்கத்தில் ‘செ’.

கண்ணாயியின் கால்மேல் சுவர் விழுந்தபோது மழை இல்லை என்று சொன்னது அவர் பெயர்தான். கேட்டில் நோட்டீஸ் பார்த்த அன்றுகூட இப்படி வலிக்கவில்லை. அன்று அடித்தது ஆபீஸ். இது ஜாபெஸ்.

“இது என்ற கையெழுத்து இல்லீங்கம்மா” என்றார். “அத்தனையும் பொய்க் கணக்கு. இந்த மூணு நாளும் மலையே கரைஞ்சு ஓடுச்சு. என்ற ஊட்டுச் சுவரு விழுந்து என்ற சம்சாரத்துக்குக் காலு போச்சு. இதுல மழையே இல்லைன்னு போட்டிருக்குது. வேலிக்குள்ள மூணு வருசமா ஆளே போகலீங்க. பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்குது, வந்து ஒரு எட்டுப் பாருங்க.”

“பதிவேட்டைப் பார்க்கத்தான் ஐயா எனக்கு உத்தரவு. வேலியைப் பார்க்க உத்தரவு இல்லைங்களே” என்றார் கவிப்பிரியா, உண்மையாகவே வருந்தி. பிறகு ஜாபெஸைக் கூப்பிட்டார். “பதிவேடு உங்க பொறுப்புலதான இருக்கு? இது யார் கையெழுத்துங்க?”

ஜாபெஸ் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது அவருக்கு. சென்றாயனைப் பார்க்காமல், மேசைமேல் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சொன்னார்.

“சென்றாயன் கையெழுத்துதானுங்க மேடம். பத்தொம்போது வருசமா பாக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?”

கவிப்பிரியா தட்டச்சு செய்தார். வேகமாகச் செய்தார், நன்றாகப் படித்த பெண். பணிக்கு வரவில்லை என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. பணியாளர் நீதிமன்றத் தீர்ப்பின்படி எல்லா நாட்களிலும் பணியில் இருந்தது பதிவேட்டாலும் சாட்சியத்தாலும் உறுதியாகிறது. பதிவேட்டின் அளவுகள் பொய்யானவை என்பதைப் பணியாளரே ஒப்புக்கொண்டுள்ளார். ஆகவே மூன்று வருடம் அரசுக்குப் பொய்யான மழையளவு தந்தது ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்படுகிறது. கீழே இறங்கும்போது சாப்பிட இஞ்சி மிட்டாய் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

இரண்டு வாரத்தில் ஆணை தயாராகிவிட்டது. அருள்சாமி சென்றாயனை உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“மனசைத் தளர உட்டுறாதீங்க” என்றார் அருள்சாமி. “எனக்கு முந்தி இருந்தவரு உங்களை அவசரப்பட்டு எடுத்துப்போட்டாரு. நோட்டீசு இல்லை, விசாரணை இல்லை. நொம்ப அநியாயமுங்க. கோர்ட்டு காறித் துப்பாத குறை. நான் அப்படிச் செய்ய மாட்டேன். குறிப்பாணை குடுத்தோம், விளக்கம் வாங்கினோம், சாட்சி விசாரிச்சோம். நீங்க முழுசா வேலைல இருக்கறப்பத்தான் உங்களை நீக்கறோம். இல்லாட்டி நீக்க முடியாதுங்களே! இந்தத் தடவை எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது பாருங்க.” ஆணையைக் கட்டியிருந்த பச்சை நாடாவைத் தடவிக் கொடுத்தார். “அத்தனையும் முறைப்படிங்க.”

சென்றாயன் எழுந்து வெளியே வந்தார். ஜாபெஸ் பின்னாலேயே தபால் புத்தகத்தோடு வந்தார். ஆணையைப் பெற்றுக்கொண்டதாக அதில் ஒப்பம் வேண்டும். தாழ்வாரத்தில் வேறு யாருமில்லை.

“என்னைய மன்னிச்சுரு சென்றாயா” என்றார் ஜாபெஸ். “எட்டு மாசம்தான் பாக்கி. நானுன்னு தெரிஞ்சா பென்சன் போயிரும், சின்னவளுக்கு இன்னும் கலியாணம் ஆகலை. நீ எப்படியும் வெளிய இருந்து பழகினவன்...” புத்தகத்தைப் பிரித்துப் பேனாவை நீட்டினார். “இதுல மட்டும் ஒண்ணு போட்டுரு. கட்டம் காலியா இருந்தா ஆடிட்டுல கேப்பாங்க.”

சென்றாயன் பேனாவைப் பார்த்தார், ஜாபெஸைப் பார்த்தார். திட்ட வேண்டும் போலிருந்தது. கண்ணாயியின் காலைப் பற்றிக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஆணையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நீயே போட்டுக்க ஜாபெஸு” என்றார். “என்ற கையெழுத்து என்னையவிட உனக்குத்தான் நல்லா வருது.”

அவர் படியிறங்கி அலுவலகக் கேட்டைத் தாண்டும்வரை ஜாபெஸ் அங்கேயே நின்றார். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்துவிட்டு, போட்டார்.